கலைக்கப்படாத மணல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் கேலப், சாண்டா ஃபே நகரங்களிலும் அரிசோனாவின் நெடுஞ்சாலையோரக் கைவினைக் கடைகளிலும், வெள்ளி நகைகளுக்கும் கம்பளி விரிப்புகளுக்கும் நடுவே சட்டமிட்ட சிறு பலகைகள் வரிசையாகத் தொங்குகின்றன. பலகையின் மேல் ஒட்டப்பட்டிருப்பது மணல். அந்த மணலால் தீட்டப்பட்டிருப்பவை நீண்டு மெலிந்த உடல் கொண்ட தெய்வ உருவங்கள், சோளச் செடிகள், வானவில், மின்னல். நவஹோ மணல் ஓவியம் என்ற பெயரில் பல நாடுகளின் சேகரிப்பாளர்களைச் சென்றடைந்திருக்கும் இந்த அலங்காரப் பொருளுக்கு ஒரு நூற்றாண்டு வயதுகூட நிறையவில்லை. அது பிறந்த சடங்கோ பன்மடங்கு பழமையானது என்பதோடு, அந்தச் சடங்கில் ஓவியம் தீட்டப்பட்ட நாளிலேயே அழிக்கப்பட்டுவிடும் என்பதால், சுவரில் நிலைத்துத் தொங்கும் மணல் ஓவியம் தன் மூலத்தின் முதல் விதியை மீறித்தான் பிறந்திருக்கிறது. கலைப்பொருட் சந்தையில் ஒரு பொருள் மூலத்துக்கு எவ்வளவு நெருங்கி நிற்கிறதோ அவ்வளவு மதிப்புப் பெறுவதே வழக்கம். இந்த ஒரு துறையில் மட்டும் மூலத்தோடு அச்சொட்டாகப் பொருந்துவது குற்றமாகவும், அறிந்தே விலகி நிற்பது நேர்மையாகவும் கருதப்படுகிறது. நவஹோ மணல் ஓவியத்தை வாங்குவோர் பெரும்பாலும் அறியாமலே கடந்துபோவது இந்தத் தலைகீழ் முறையைத்தான்.

நவஹோ என்பது பிறர் வைத்த பெயர். அம்மக்கள் தம்மை டினே என்றே அழைத்துக்கொள்கின்றனர். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் நவஹோ தேசம், அமெரிக்காவின் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களில் மிகப் பெரியது. அதன் பதிவேட்டில் இடம்பெற்றிருப்போர் சுமார் 4 லட்சம் பேர். 1864இல் அமெரிக்கப் படை இம்மக்களைத் தம் நிலத்திலிருந்து பெயர்த்து, கிழக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்திச் சென்று, போஸ்கே ரெடோண்டோ என்னும் இடத்தில் ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்தது. 1868ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு, நான்கு புனித மலைகளுக்கு நடுவே அமைந்த தம் தாய்நிலத்தின் ஒரு பகுதிக்கு அவர்கள் திரும்பினார்கள். மணல் ஓவியத்தைப் புரிந்துகொள்ள இந்த நான்கு மலைகள் இன்றியமையாதவை. கிழக்கே பிளாங்கா சிகரம் வெண்மைக்கும், தெற்கே டெய்லர் மலை நீலத்துக்கும், மேற்கே சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்கள் மஞ்சளுக்கும், வடக்கே ஹெஸ்பெரஸ் மலை கருமைக்கும் உரியவை. சடங்குக்குச் சடங்கு வரிசை மாறக்கூடுமெனினும், ஓவியத்தில் எந்த உருவம் எந்த நிறத்தில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் இந்தத் திசைக் கணக்கே தீர்மானிக்கிறது.

நோய் என்பது டினே மக்களின் சிந்தனையில் உடலுக்குள் மட்டும் நிகழும் கோளாறு அன்று. மனிதருக்கும் உலகுக்கும் இடையே இருக்க வேண்டிய இசைவு குலைந்ததன் வெளிப்பாடு அது. அழகு, நலம், ஒழுங்கு, இசைவு ஆகிய அனைத்தையும் ஒருசேரக் குறிக்கும் ஹோஜோ என்னும் நிலைக்கு நோயாளியை மீட்பதே சிகிச்சை. அதை நடத்துபவர் ஹத்தாலி, அதாவது பாடுபவர். வெளியுலகம் அவரை மருத்துவ மனிதர் என்று பெயரிட்டு அழைத்தாலும், அவருடைய தலையாய கருவி பாட்டுதான். ஒரு சடங்குக்குரிய நூற்றுக்கணக்கான பாடல்களையும் வேண்டுதல்களையும் ஓவியங்களையும் வரிசை பிறழாமல் மனத்தில் ஏற்றிக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், ஒருவர் தம் வாழ்நாளில் ஒருசில பெருஞ்சடங்குகளை மட்டுமே முழுமையாகக் கற்றுத் தேர்கிறார். இச்சடங்குகள் வழிகள் எனப்படுகின்றன: இரவு வழி, மலை வழி, எய்தல் வழி, காற்று வழி என நோயின் காரணத்துக்கேற்ப அவை வேறுபடுகின்றன. இரவு வழி ஒன்பது இரவுகள் நீள்வது. பாம்புகள் உறங்கி, இடி அடங்கிய குளிர்காலத்தில் மட்டுமே நடத்தத்தக்கது.

மணல் ஓவியம் இந்த நீண்ட நிகழ்வின் ஓர் அங்கம் மட்டுமே. கிழக்கு நோக்கிய வாயிலுடைய ஹோகன் என்னும் வட்டவடிவ வீட்டின் மண்தரையில், இளம்பழுப்பு மணலைப் பரப்பி, தறியில் ஊடை அடிக்கப் பயன்படும் மரப்பலகையால் அதைச் சமன் செய்வதோடு வேலை தொடங்கும். செம்பாறையையும் காவிக்கல்லையும் ஜிப்சத்தையும் பொடித்துச் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் பெறப்படும். மரக்கரியோடு மணல் சேர்ந்தால் கறுப்பு. அந்தக் கரியையே வெண்மணலோடு கலந்தால் கிடைக்கும் சாம்பல் பூத்த நிறமே நீலத்தின் இடத்தை நிரப்பும். சில ஓவியங்களில் சோளமாவும் மகரந்தமும் பொடித்த இதழ்களும் இடம்பெறும். ஹத்தாலி பெரும்பாலும் தாமே தீட்டுவதில்லை. அவர் அமர்ந்து சொல்லச் சொல்ல, உதவியாளர்கள் நடுவிலிருந்து வெளிநோக்கி வளர்த்துச் செல்வர். கோலமாவு இழுக்கும் கையைப் போலவே கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலிருந்து மணல் இழையாக ஒழுகும். நேர்கோடு வேண்டிய இடத்தில் நூலைச் சுண்டித் தடம் பதிப்பார்கள். தவறு நேர்ந்தால் அழிப்பதில்லை, அதன் மேல் தரை நிற மணலைத் தூவி மூடிவிட்டு மீண்டும் தீட்டுவார்கள். சிறிய ஓவியம் ஓரிரு அடிக்குள் அடங்கும்; பெரியவை ஹோகனின் தரை முழுவதையும் நிறைத்து, பல ஆட்களின் பல மணி நேர உழைப்பைக் கேட்கும்.

தீட்டி முடிக்கப்பட்ட ஓவியத்தைச் சுற்றி மூன்று பக்கமும் வானவில் தெய்வத்தின் நீண்ட உடல் காவலாக வளைந்திருக்கும். தீமை நுழையாத திசை என்பதால் கிழக்கு மட்டும் திறந்திருக்கும். உருவங்கள் புனித மக்கள் எனப்படும் தெய்வங்கள். தம் உருவத்தால் கவரப்பட்டு அவர்கள் அங்கே வந்து இறங்குவதாக நம்பப்படுவதால், ஓவியம் டினே மொழியில் ஈக்காஹ், தெய்வங்கள் வந்து செல்லும் இடம், எனப்படுகிறது. நோயாளி ஓவியத்தின் மீதே அமர்த்தப்படுகிறார். ஹத்தாலி மருந்து நீரில் நனைத்த உள்ளங்கையைத் தெய்வ உருவத்தின் பாதத்தில் ஒற்றி அங்கு ஒட்டிய மணலை நோயாளியின் பாதத்திலும், உருவத்தின் முழங்காலில் ஒற்றியதை முழங்காலிலும், இப்படியே தலைவரைக்கும் அழுத்திச் செல்ல, தெய்வத்தின் வலிமை நோயாளிக்குள்ளும் நோயாளியின் பிணி மணலுக்குள்ளும் இடம் மாறுகின்றன. அதன்பின் அந்த மணலை யாரும் வைத்துக்கொள்வதில்லை. சக்தியும் பிணியும் ஏறிய அது அபாயகரமானது என்பதால், தீட்டிய வரிசையிலேயே கலைக்கப்பட்டு, போர்வையில் அள்ளப்பட்டு, வெளியே கொண்டுபோய்க் கொட்டப்படுகிறது. பல மணி நேரம் உருவான ஓவியம் பயன்பாட்டில் இருப்பது சிறிது நேரமே.

ஆகவே, நிலையாமையை உணர்த்துவதற்காகவே நவஹோ மக்கள் தம் ஓவியத்தை அழிக்கிறார்கள் என்று சுற்றுலா ஏடுகளில் அடிக்கடி காணப்படும் விளக்கம் அழகாக இருந்தாலும் பொருந்தாதது. இங்கே அழிப்பு தத்துவப் பாடம் அன்று. பயன்படுத்திய மருந்தின் எச்சத்தைப் பாதுகாப்பாக அகற்றும் செயல். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஓவியத்தை நிலைப்படுத்தி விற்றபோது எழுந்த அச்சத்தின் தன்மையை அது ஒன்றுதான் விளக்குகிறது. கவலை, தத்துவம் மீறப்பட்டது பற்றியதன்று. வரக்கூடாத இடத்துக்கும் வரக்கூடாத நேரத்துக்கும் தெய்வங்கள் அழைக்கப்பட்டுவிடுவார்களோ என்பது பற்றியது.

தாளில் ஏறிய தெய்வங்கள்

மணல் ஓவியம் வெளியுலகின் பார்வைக்கு வந்தது 1880களில். நியூ மெக்சிகோவின் விங்கேட் கோட்டையில் படை மருத்துவராகப் பணியாற்றிய வாஷிங்டன் மேத்யூஸ், ஹத்தாலிகளின் நம்பிக்கையைப் பெற்று அவர்களுடைய சடங்குகளைக் கூர்ந்து பதிவு செய்தார். மலை வழி பற்றிய அவருடைய ஆய்வு 1887இலும் இரவு வழி பற்றிய பெருநூல் 1902இலும் வெளிவந்தன. ஓவியங்களின் மாதிரிகளைத் துணியிலோ தோலிலோ எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் ஹத்தாலிகளிடம் இல்லை, எல்லாமே நினைவிலிருந்து நினைவுக்குக் கடத்தப்படுகின்றன என்பதை வியப்போடு குறித்தவரும் அவரே. அவருடைய நூல்களுக்காகத் தாளில் வண்ணத்தில் வரையப்பட்டு அச்சேறிய படங்களே, மணலில் மட்டும் வாழ்ந்த உருவங்களுக்கு முதல்முறையாக நிலைத்த உடலைத் தந்தன.

அதற்குள் கேலப் வழியாகச் சாண்டா ஃபே ரயில் பாதை போடப்பட்டுவிட்டது. ரயிலோடு சுற்றுலா வந்தது. சுற்றுலாவோடு, பூர்வகுடிகளின் கலையை அறைக்குள் கொண்டுவரும் ஆசையும் வந்தது. 1923இல் கேலப் ரயில் நிலையத்தை ஒட்டித் திறக்கப்பட்ட எல் நவஹோ விடுதியை வடிவமைத்த மேரி கோல்ட்டர், அதன் சுவர்களில் மணல் ஓவிய உருவங்களைப் பெரிய அளவில் தீட்டச் செய்தார்; திறப்பின்போது ஹத்தாலிகள் வந்து வீட்டை வாழ்த்தும் சடங்கை நடத்தியது, இந்த உருவங்கள் சடங்குக்கு வெளியே நிற்பதற்கு ஒருவகைப் பரிகாரமும் தேவைப்பட்டது என்பதைக் காட்டுகிறது. 1957இல் அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டபோது ஓவியங்களும் அதோடு மறைந்தன. ஒரே நாளில் மறைந்திருக்க வேண்டியவை முப்பத்து நான்கு ஆண்டுகள் நின்றன என்றும் இதைச் சொல்லலாம்.

நிலைப்படுத்துதலின் வரலாற்றில் மிக முக்கியமான மனிதர் ஹோஸ்டீன் க்ளாஹ். 1867இல் பிறந்த இவர், தேர்ந்த ஹத்தாலியாகவும் தேர்ந்த நெசவாளராகவும் ஒருசேர விளங்கினார். நவஹோ சமூகத்தில் நெசவு பெண்களின் தொழில், பெருஞ்சடங்குகளைப் பாடுவது பெரும்பாலும் ஆண்களின் பணி என்றிருக்க, ஆணும் பெண்ணும் அல்லாத நாட்லே என்னும் மதிக்கப்பட்ட நிலை, இரண்டு உலகங்களிலும் அவருக்கு இடம் தந்தது. 1910களின் இறுதியில் அவர் மணல் ஓவியங்களைக் கம்பளியில் நெய்யத் தொடங்கினார். அக்கம்பக்கத்தார் கடுமையாக அஞ்சினர். தெய்வக் குற்றத்துக்குத் தண்டனையாக நோயோ பஞ்சமோ வரும் என்று எதிர்பார்த்தனர். க்ளாஹ் தமக்கும், பின்னர் தம்மிடம் நெசவு கற்று அதே வகை விரிப்புகளை நெய்த சகோதரியின் மகள்களுக்கும் காப்புச் சடங்குகளைச் செய்துகொண்டார். ஆண்டுகள் கடந்தும் தீங்கு எதுவும் நேராததைக் கண்ட பிறகே எதிர்ப்பு மெல்லத் தணிந்தது.

அருகில் வணிக நிலையம் நடத்திவந்த நியூகோம் குடும்பத்தின் ஃபிரான்க் நியூகோம் என்னும் பெண்மணி, சடங்குகளில் கண்ட ஓவியங்களை வீடு திரும்பிய பின் நினைவிலிருந்து வரைந்து, க்ளாஹிடம் காட்டித் திருத்திக்கொண்டார். பாஸ்டன் நகரச் செல்வக் குடும்பத்தவரான மேரி கேபட் வீல்ரைட், க்ளாஹ் சொன்ன புராணங்களை எழுத்தில் பதித்தார். தம்மிடம் பயின்ற மாணவர் தமக்கு முன்பே இறந்துவிட்ட நிலையில், தம் அறிவு தம்மோடு மறைந்துவிடும் என்ற கவலையே க்ளாஹை இவ்வளவு தூரம் இட்டுச் சென்றது. 1937இல் அவர் மறைந்தார். அவரும் வீல்ரைட்டும் சேர்ந்து நிறுவிய, ஹோகனின் வடிவத்தை ஒட்டிக் கட்டப்பட்ட அருங்காட்சியகம் அதே ஆண்டில் சாண்டா ஃபேயில் திறக்கப்பட்டது. இதில் குறிப்பிடத்தக்கது பின்னர் நடந்தது: நவஹோ மக்களிடையே சடங்குகளைக் கற்கும் ஆர்வம் மீண்டும் எழுந்திருந்த 1977இல், அந்நிறுவனம் தன்னிடமிருந்த புனிதப் பொருட்களின் மூட்டைகளை நவஹோ மக்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வீல்ரைட் அமெரிக்க இந்திய அருங்காட்சியகம் என்று பெயரையும் நோக்கத்தையும் மாற்றிக்கொண்டது. பூர்வகுடிகளின் பொருட்களைத் திருப்பித் தருவதைக் கட்டாயமாக்கிய அமெரிக்கச் சட்டம் வந்தது 1990இல்தான்.

பசையின் வரவு

நெசவு விரிப்பு விலை மிகுந்தது, நெய்து முடிக்க மாதக்கணக்கில் ஆவது. காரில் வந்து இறங்கும் சுற்றுலாப் பயணியின் கைப்பெட்டிக்குள் அடங்கும் பொருளுக்குப் பலகையும் பசையும் தேவைப்பட்டன. 1930களிலும் 1940களிலும் மணலைப் பலகையில் ஒட்டி நிலைநிறுத்தும் முறைகளைச் சோதித்தவர்களில் நவஹோ அல்லாத ஓவியர்களும் இருந்தனர். அந்த முறையை நவஹோ கைகளுக்குக் கொண்டுசேர்த்தவர்களில் முதன்மையானவர் ஃபிரெட் ஸ்டீவன்ஸ். ஹத்தாலியான அவர், அரிசோனாவின் டூசான் நகரில் உள்ள மாநில அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் முன்னிலையில் மணல் ஓவியம் தீட்டிக் காட்டியவர். அங்கே தீட்டிக் காட்டிய ஆண்டுகளில் நிலைத்து நிற்கும் ஓவியத்துக்கான பசைகளைச் சோதித்து, கற்றதைத் தம் உறவினர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கேலப்புக்கும் ஷிப்ராக்குக்கும் இடையே சுஸ்கா மலையடிவாரத்தில் இருக்கும் ஷீப் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூர் இந்தத் தொழிலின் தாயகமானது இப்படித்தான். இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்த மானிடவியலாளர் நான்சி பரேசோ, 1983இல் வெளியிட்ட நூலில், தொழில் உறவுமுறை வழியாகவே பரவியதைத் தெளிவாக்குகிறார்: கணவன் பலகை அறுத்துத் தர, மனைவி பின்புல மணலை ஒட்ட, பிள்ளைகள் மணல் சலிக்க, குடும்பமே பட்டறையாயிற்று.

ஏன் அப்போது, ஏன் அங்கே என்ற கேள்விகளுக்கு விடை பொருளாதாரத்தில் இருக்கிறது. 1930களில் மேய்ச்சல் நிலம் தேய்கிறது என்ற காரணத்தைக் காட்டிக் கூட்டாட்சி அரசு நவஹோ மக்களின் ஆடுகளையும் குதிரைகளையும் பெருமளவில் குறைக்கச் செய்தது. மந்தையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் கூலி வேலைக்கும் கைவினைக்கும் தள்ளப்பட்டன. வெள்ளி வேலைக்கு முதலீடும், நெசவுக்கு ஆடும் நீண்ட பயிற்சியும் வேண்டும். மணலோ மலையடிவாரத்தில் கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் பூர்வகுடிக் கைவினைப் பொருட்களுக்கு அமெரிக்கா முழுதும் பெரும் மோகம் எழுந்தபோது, அதைச் சந்திக்க மிக விரைவாக விரிந்த தொழில் இதுவே. சடங்கில் ஓவியம் தீட்டுவது பெரும்பாலும் ஆண்களின் வேலையாக இருக்க, பலகை ஓவியத்தில் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் இறங்கியதும், பலகை சடங்கன்று என்ற புரிதல் ஊருக்குள் நிலைபெற்றதன் அடையாளம் எனலாம்.

செய்முறையைப் பார்த்தால் தரையும் பலகையும் எவ்வளவு வேறானவை என்பது விளங்கும். மரத்துகளை அழுத்திச் செய்த பலகையை உப்புத்தாளால் தேய்த்து, நீர் கலந்த வெள்ளைப் பசையைப் பூசி, இளம்பழுப்பு மணலைத் தூவிக் காயவைத்துப் பின்புலம் உருவாக்கப்படுகிறது. அதன்மேல் ஒரு நிறத்துக்குரிய பகுதிகளை மட்டும் மெல்லிய தூரிகையால் பசையில் வரைந்து, பசை காயுமுன் அந்த நிற மணலை விரலிடுக்கிலிருந்து ஒழுகவிட்டு, ஒட்டாததைத் தட்டி உதிர்க்கிறார்கள்; காய்ந்த பின் அடுத்த நிறம். கடைசியில் நிலைநிறுத்தும் தெளிப்பு ஒன்று மேலே படர்கிறது. தரையில் கோட்டின் மென்மை விரலிலும் மூச்சடக்கத்திலும் இருந்தது. பலகையில் அது தூரிகையின் நுனிக்கும் மணலை எவ்வளவு நுண்மையாக அரைத்துச் சலிக்கிறார்கள் என்பதற்கும் இடம் மாறிவிட்டது. கைதேர்ந்தவர்கள் மாவுபோல் அரைத்த மணலால் இறகின் நரம்பையும் கழுத்து மணியையும்கூடப் பிரித்துக் காட்டுகிறார்கள். விலை குறைந்த நினைவுப் பொருட்களில் கடையில் வாங்கிய சாயமேற்றிய மணலும் பருத்த கோடுகளும் இருக்கும். சிலவற்றில் பசைகூட அச்சுத்திரை வழியாகவே ஏற்றப்பட்டிருக்கும்.

பிழையின் மதிப்பு

சடங்கின் ஓவியத்தை அப்படியே பலகையில் நிறுத்துவது தெய்வங்களை அழைத்துவிட்டுக் கவனிக்காமல் விடுவதற்கு ஒப்பானது என்ற அச்சத்துக்கு, ஓவியர்கள் கண்ட தீர்வு மாற்றம். இரண்டு நிறங்களை இடம் மாற்றுவது, நான்கு உருவம் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டை நிறுத்துவது, கையில் ஏந்த வேண்டிய பொருளொன்றை விட்டுவிடுவது, காவல் வானவில்லின் நீளத்தைக் குறைப்பது, வெவ்வேறு சடங்குகளின் உருவங்களை ஒரே பலகையில் சேர்ப்பது என்று அது பல வகைப்படும். ஓர் அங்கம் குறைந்தாலும் சடங்கு பலிக்காது என்ற பழைய விதியே இங்கே பாதுகாப்பாகப் பயன்படுகிறது: முழுமையற்ற ஓவியத்துக்குத் தெய்வங்கள் வருவதில்லை, ஆகையால் அது வெறும் படம். அபாயம் மிக்கவையாகக் கருதப்படும் சில சடங்குகளின் உருவங்களைப் பெரும்பாலானோர் தொடுவதே இல்லை. பொதுவாக வானத் தந்தையும் பூமித் தாயும், சூரியன், சோளச் செடி, யேய் எனப்படும் தெய்வ வரிசை ஆகியவையே சந்தையில் மிகுதி. காப்புச் சடங்கு செய்துகொண்ட பின்னரே புதிய உருவத்தில் கைவைக்கும் ஓவியர்கள் உண்டு. மாற்றம் எவ்வளவு செய்தாலும் தெய்வ உருவத்தை விற்பது தகாது என்று இன்றும் சொல்லும் ஹத்தாலிகளும் உண்டு. இரு தரப்பையும் ஒன்றாக்கி, நவஹோ மக்கள் இதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று எழுதுவது வணிகருக்கு வசதியான எளிமை.

எனவே, சடங்கு ஓவியத்தின் துல்லியமான நகல் என்று ஒரு கடைக்காரர் புகழ்ந்து விற்பாரானால், அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும், அல்லது விற்கக்கூடாததை விற்கிறார் என்றாக வேண்டும். மேத்யூஸ், மானிடவியலாளர் ரைகார்ட், நியூகோம் ஆகியோரின் நூல்களில் அச்சான படங்களோடு பலகையை ஒப்பிட்டு, விலகலைக் குறையெனக் கணக்கிடும் சேகரிப்பாளர்களும் இருந்திருக்கிறார்கள். ஆனால் பல ஓவியர்கள் உருவங்களை எடுத்துக்கொண்டதே அந்த நூல்களிலிருந்துதான் என்பது இந்த வரலாற்றின் வேடிக்கையான வளைவு. சடங்கில் பயிலாத இளைய தலைமுறைக்கு, மானிடவியலாளரின் நூலே மாதிரிப் புத்தகமாயிற்று. தாளில் ஏறியவை மீண்டும் மணலுக்குத் திரும்பின, இம்முறை பசையோடு.

இரவு வழியின் சுழலும் கட்டைகள் என்னும் ஓவியம் வேறொரு சிக்கலைச் சந்தித்தது. குடைந்த மரத்துக்குள் அமர்ந்து சான் ஹுவான் ஆற்றில் மிதந்து சென்ற வீரன், நீர்ச்சுழலில் குறுக்கும் நெடுக்குமாகச் சுழலும் கட்டைகளின் மேல் தெய்வங்கள் வீற்றிருக்கக் கண்டு, அவர்களிடம் கற்றுத் திரும்பிய கதை அது. அதன் வடிவம், இந்தியர்கள் நன்கறிந்த ஸ்வஸ்திகத்தை ஒத்தது. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு இல்லை. ஹிட்லரின் ஜெர்மனி அதே வடிவத்தைக் கொடியில் ஏற்றிய பின், 1940 பிப்ரவரியில் நவஹோ, ஹோப்பி, அப்பாச்சி, பாப்பகோ மக்களின் பிரதிநிதிகள் டூசான் நகரில் கூடி, அந்தச் சின்னத்தை இனித் தம் கைவினைப் பொருட்களில் பயன்படுத்துவதில்லை என்று அறிக்கையில் ஒப்பமிட்டனர். பிற்காலத்தில் பலகை ஓவியத்தில் அது மெல்லத் திரும்பி வந்திருக்கிறது. பழைய விரிப்புகளில் அது இருந்தால் ஏலச் சந்தையில் இன்றும் விளக்கக் குறிப்பு சேர்க்க வேண்டியிருக்கிறது.

நவீன ஓவிய வரலாற்றில் மணல் ஓவியத்தின் பெயர் அடிபடுவது ஜாக்சன் பொல்லாக்கினால். 1941இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த அமெரிக்க இந்தியக் கலைக் கண்காட்சியில் நவஹோ ஓவியர்கள் தரையில் மணல் ஓவியம் தீட்டிக் காட்டினர். பின்னர் துணியைத் தரையில் விரித்து நான்கு புறமும் சுற்றி வந்து வண்ணம் சொட்டவிட்ட பொல்லாக், தம் முறையை மேற்குப் பகுதி இந்திய மணல் ஓவியர்களின் முறையோடு தாமே ஒப்பிட்டிருக்கிறார். விற்பனைக் குறிப்புகளில் இந்த உறவு மிகைப்படுத்தப்படுவதுண்டு. உண்மையில் தரையில் வைத்துத் தீட்டுவது ஒன்றே பொது. பொல்லாக்குக்கு முன்வகுத்த வடிவம் இல்லை, ஹத்தாலிக்கு உண்டு.

1970களுக்குப் பிறகு சிலர் தெய்வ உருவங்களையே விட்டு விலகினர். ஷிப்ராக் பகுதியைச் சேர்ந்த யூஜீன் பாட்சோஸ்லானி ஜோ முதலானோர் நிலக்காட்சிகளையும் மனித முகங்களையும் மட்பாண்டங்களையும் மணலில் தீட்டி, ஒளியும் நிழலும் கொண்ட ஓவியமாக அதை மாற்றினர். ஜோ பென் ஜூனியர் கனிமங்களையும் மணிக்கற்களையும் பொடித்து நிறங்களாக்கியவர். 1989இல் பாரிஸ் நகரில் நடந்த புகழ்பெற்ற உலகக் கலைக் கண்காட்சியில் பங்கேற்றவர். இந்த வகைப் படைப்புகளைக் கைவினை என்று வகைப்படுத்துவதா, ஓவியம் என்று வகைப்படுத்துவதா எனக் கடைகளும் அருங்காட்சியகங்களும் இன்னும் தடுமாறுகின்றன. சடங்கு பற்றிய ஐயம் எழாத பொருள் வேண்டுவோருக்கு இவையே ஏற்றவை என்பதோடு, இத்துறையின் கைத்திறன் அதன் உச்சத்தில் வெளிப்படுவதும் பெரும்பாலும் இவற்றில்தான்.

போலிகளைப் பொறுத்தவரை சட்டம் கடுமையாகவே இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் இந்தியக் கலை, கைவினைச் சட்டப்படி, பூர்வகுடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகக் காட்டி விற்பவருக்கு முதல் குற்றத்துக்கே 2,50,000 டாலர் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். நிறுவனமாயின் அபராதம் 10 லட்சம் டாலர் வரை உயரும். சடங்குப் பொருட்களின் வணிகம் இதிலிருந்து வேறான, இன்னும் கூர்மையான பிரச்சினை: 2014 டிசம்பரில் பாரிஸ் ஏலமொன்றில் நவஹோ முகமூடிகள் விற்பனைக்கு வந்தபோது, தடுக்கச் சட்டம் துணை வராததால், நவஹோ தேசத்தின் துணைத் தலைவரும் ஹத்தாலியுமான ரெக்ஸ் லீ ஜிம் தலைமையில் சென்ற குழு, ஏழு முகமூடிகளை ஏலத்தில் விலை கொடுத்தே மீட்டுவந்தது. பலகை ஓவியங்களுக்காக அப்படி யாரும் சென்றதில்லை. விற்பதற்கென்றே செய்யப்பட்டவை அவை.

பலகையைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கோடு. நிறங்கள் சந்திக்கும் இடத்தில் மணி சிதறாமல் விளிம்பு கூர்மையாக நிற்கிறதா, மெல்லிய கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அகலத்தில் ஓடுகிறதா, எதிரெதிர் உருவங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பவை கையின் தரத்தைக் காட்டும். இயற்கைக் கல்லின் சிவப்பும் மஞ்சளும் அடங்கிய தொனி உடையவை. கண்ணைப் பறிக்கும் ஊதாவும் பச்சையும் பொதுவாகச் சாயம், வெயில் படும் சுவரில் அவை வெளுக்கக்கூடும். ஈரத்துணி கூடவே கூடாது, மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். ஈரப்பதத்தில் பலகை உப்பிப் பசை விடும். சில டாலரிலிருந்து பல ஆயிரம் டாலர் வரை நீளும் விலையில், அளவைவிட ஓவியரின் பெயரும் கோட்டின் நுண்மையுமே மிகுதியாகக் கணக்கிடப்படுகின்றன. பலகையின் பின்புறத்தில் ஓவியர் கையொப்பமும், உருவத்தின் பெயரும், சில வேளைகளில் அது எந்தச் சடங்கைச் சார்ந்தது என்ற குறிப்பும் எழுதுவது 1970கள் முதல் பரவிய வழக்கம். ஷீப் ஸ்பிரிங்ஸின் முதல் தலைமுறைப் பலகைகள் இப்போது அவற்றை வாங்கியவர்களின் வாரிசுகள் வழியாக இரண்டாம் முறை சந்தைக்கு வரும்போது, படச்சட்டத்தை மாற்றிய கடைக்காரர் பின்புறத்தைப் புதுத்தாளால் மூடிவிட்டிருந்தால், செய்தவரைக் கண்டறியும் வழி பெரும்பாலும் அங்கேயே அடைபட்டுப் போகிறது.